கேபிள் அறுந்தால் மூடாதீர்கள்: பேராக்கில் மண் தோண்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெக்கோ ஓட்டும் அண்ணன்மார் தம்பிமாருக்கும், கால்வாய் வெட்டுவோருக்கும், தண்ணீர்க் குழாய் பதிப்போருக்கும், செம்பனை மறுநடவுக்காக மேட்டைச் சீவுவோருக்கும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல்கால் நடும் இளைஞர்களுக்கும் இந்த மடல்.

நான் ஃபைபர் கேபிள் ஒட்டுகிறவன். ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கமும் தெற்கே கம்பார், தாப்பா, பீடோர் பக்கமும் அலைகிற வேலை. நீங்கள் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு அந்த இடத்துக்கு வந்து சேர்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் வேலையை மற்றவர் நன்றாகப் பார்த்திருக்கிறோம்.

கேபிளை ஏன் அறுத்தீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாது. குத்தகையாளர் அவசரப்படுத்துவார். கையில் வரைபடம் இருந்தாலும் அது வரையப்பட்டபோது இருந்த சாலை இப்போது அதே மட்டத்தில் இருக்காது. தோண்டுகிற ஊரில் கேபிள் அறுபடத்தான் செய்யும். அறுந்த அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. பலர் செய்வது இது: இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் கறுப்பு டேப் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடி, பக்கெட்டால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவது. 

செம்புக் கம்பியாக இருந்த காலத்தில் அந்தத் தந்திரம் ஓரளவு பலித்தது. கம்பியைக் கம்பியோடு முறுக்கினால் கரகரவென்றாவது பேச்சு கேட்கும். ஃபைபரோ கண்ணாடி இழை, அதற்கு அது நடக்காது. கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வோர் இழையும் 125 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடுகிற நடுப்பாதை ஒன்பது மைக்ரான்தான். ஒன்பது மைக்ரானும் ஒன்பது மைக்ரானும் நேருக்கு நேர் நின்றால்தான் வெளிச்சம் அந்தப் பக்கம் போகும். டேப் சுற்றி அதைச் சாதிக்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

மூடிவிட்டால் என்ன கெடும்? முதலில், எங்களுக்கு இடம் தெரியாமல் போகும். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓடிடிஆர் என்ற கருவியை நிலையத்தில் கேபிளின் ஒரு முனையில் மாட்டி ஒளித்துடிப்பை அனுப்புவோம். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதில் துளி துளியாகச் சிதறித் திரும்பி வரும் ஒளியின் நேரத்தைக் கணக்கிட்டு, இத்தனை மீட்டரில் பாதை முடிகிறது என்று திரையில் காட்டும். ஆனால் அது காட்டுவது கண்ணாடியின் நீளம். குழாய்க்குள் இழை கொஞ்சம் சுருளாகத்தான் கிடக்கும். வழியில் உள்ள மேன்ஹோல்களில் பின்னாளைய தேவைக்கென்று பத்து இருபது மீட்டர் சுற்றி வைத்திருப்பார்கள். ஆகவே திரையில் உள்ள மீட்டரும் சாலையோரத்தில் நாங்கள் அளக்கும் மீட்டரும் ஒத்துப்போகாது. பள்ளம் திறந்து கிடந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நீங்கள் ஒழுங்காக மூடி, மேலே புல் பத்தையும் போட்டுவிட்டீர்கள் என்றால், நாங்களும் உங்களைப் போலத் தோண்ட ஆரம்பிப்போம், ஒன்றுக்கு மூன்று குழியாக.

இரண்டாவது கெடுதல், இழுப்பு. பக்கெட் பல் கேபிளைக் கத்திபோல வெட்டுவதில்லை, கவ்வி இழுக்கிறது. வெளித்தோலான கறுப்பு பாலிஎதிலீன் நீண்டு கொடுக்கும், உள்ளே வலுவுக்காக வைத்திருக்கும் அராமிட் நாரும் தாங்கிப் பார்க்கும், கண்ணாடி நீளாது. அதனால் உங்கள் குழியில் ஒரு முறிவு என்றால், அங்கிருந்து பல மீட்டர் தள்ளி இன்னொரு முறிவு இருக்கலாம். சில நேரம் அடுத்த ஜாயிண்ட் பெட்டிக்குள்ளேயே இழைகள் பிடுங்கிக்கொண்டு கிடக்கும். ஓடிடிஆருக்கு முதல் முறிவுக்கு அப்பால் பார்வை கிடையாது. முதலாவதை ஒட்டி முடித்தபின்தான் இரண்டாவது தன்னைக் காட்டும். "கேபிள் கொஞ்சம் இழுபட்டது" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மறுமுனையிலிருந்தும் அளந்திருப்போம், பாதி இரவு மிச்சமாகியிருக்கும். பக்கெட் கவ்விய திசையைக்கூடச் சொல்லுங்கள். அது எங்களுக்குப் பெரிய தகவல்.

மூன்றாவது தண்ணீர். பேராக்கில் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா? வெட்டுவாய் வழியாக நீர் ஏறி, குழாய் நெடுகப் பரவி, நல்லாயிருக்கும் பகுதியையும் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு பிசுபிசுப்பான ஜெல் நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் சேற்றில் நாள்கணக்காகப் புதைத்து வைத்தால் ஜெல் எத்தனை தூரம் காக்கும்?

நல்லபடி திறந்து வைத்த ஓர் அறுப்பைச் சரிசெய்வதிலேயே எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். நைந்த பகுதியை இரண்டு பக்கமும் சில மீட்டர் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் புதுத் துண்டு போட வேண்டும். ஓர் அறுப்பு, இரண்டு ஜாயிண்ட். 96 இழைக் கேபிள் என்றால் 192 ஒட்டு. ஒவ்வொன்றுக்கும் வண்ணம் பார்க்க வேண்டும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, இளநீலம். ராத்திரி ஜெல் ஒட்டிய கையோடு டார்ச் வெளிச்சத்தில் சாம்பலையும் வெள்ளையையும் பிரித்துச் சொல்வது லேசில்லை. மாறிப்போனால் ஒரு வீட்டின் இணைப்பு இன்னொரு வீட்டுத் தடத்தில் போய் உட்காரும்.

வண்ணம் சரியாக இருந்தால் தோல் உரிக்க வேண்டும். இழையின் மேல் பூசியிருக்கும் 250 மைக்ரான் உறையைக் கண்ணாடியில் கீறல் படாமல் எடுக்க வேண்டும். கண்ணாடியின் பலமெல்லாம் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட ஒரு வருடம் கழித்து முறிவாக வந்து நிற்கும். தோட்டத்தில் நம் பாட்டிமார் பால்மரம் வெட்டியதை நினைத்துப் பாருங்கள். பட்டை சீவ வேண்டும், பால் இறங்க வேண்டும், உள்ளே இருக்கும் உயிர்த்தோலில் கத்தி பட்டுவிடக் கூடாது. பட்டால் மரம் புண்ணாகிக் கட்டி விழும், மண்டோர் ஏசுவார். நாங்கள் செய்வதும் அதே கைக்கணக்குதான். பிறகு தூய ஆல்கஹாலில் துடைத்து, முனையை நேர்செங்கோணமாக நறுக்கி, இயந்திரத்தில் வைத்து, மின்பொறியால் இரண்டு முனையையும் உருக்கிச் சேர்த்து, சின்ன எஃகுக் கம்பி வைத்த உறையைச் சூட்டில் சுருக்கி மேலே போர்த்துவோம். நல்ல ஒட்டில் ஒளி இழப்பு 0.05 டெசிபெலுக்குள் நிற்கும். ஓர் ஒட்டுக்கு மூன்று நிமிடம் என்று குறைத்துச் சொன்னாலும் 192 ஒட்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கூடாரம் அடித்து, தூசியும் சாரலும் படாமல், கொசுக்கடியில்.

இதற்கு நடுவே பழங்கதை ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு நடுவே கதையா என்று கேட்காதீர்கள், இது நம் மண்ணின் கதை. கேபிளைப் பாதுகாக்கிற கலையே ஒரு வகையில் இந்த மலாய்த் தீபகற்பத்தின் காட்டிலிருந்து போனதுதான். மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்று சொல்லும் மரத்தின் பாலை உறையவைத்தால் கட்டா பெர்ச்சா கிடைக்கும். வெந்நீரில் போட்டால் பிசையலாம், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது, மின்சாரத்தையும் கசியவிடாது. 1840களில் சிங்கப்பூர் வழியாக அது லண்டன் போனது. 1850 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே முதல் கடலடித் தந்திக் கம்பியைப் போட்டபோது, செம்பின் மேல் இந்தப் பாலைத் தவிர வேறு கவசம் எதுவும் இல்லை. அது சீக்கிரமே அறுந்தது. பிரெஞ்சு மீனவர் ஒருவர் வலையில் சிக்கியதை ஏதோ கடற்பாசி என்று எண்ணி வெட்டி எடுத்துப் போனார் என்று சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கு மூத்தவர்! அடுத்த ஆண்டு இரும்புக் கம்பிகளைச் சுற்றிப் புதுக் கேபிள் போட்டார்கள், அது நிலைத்தது. மண்ணில் புதைக்கும் கேபிளில் எஃகுத் தகடு சுற்றுகிற வழக்கத்துக்கும் வேர் அங்கேதான்.

1870, 71 வாக்கில் மெட்ராசிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வந்தது. நம் முன்னோர் கப்பலில் வந்த அதே கடல்வழி. அந்தக் கம்பியின் மேல் இருந்ததும் கட்டா பெர்ச்சாதான். அதற்குக் கொடுத்த விலை காடு. ரப்பரைப் போல நிற்கிற மரத்தைக் கீறிப் பால் எடுக்கவில்லை; மரத்தையே சாய்த்து, தண்டில் வளையம் வளையமாக வெட்டி எடுத்தார்கள். ஒரு மரத்துக்கு ஒரு கிலோகூடத் தேறாது. சிங்கப்பூர்க் காட்டில் முதலில் தீர்ந்தது, பிறகு தீபகற்பத்தின் உள்காடுகளுக்குள் போனார்கள். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் லியோனார்ட் ரே, அந்தக் காலத்திலேயே இந்த மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், அங்கே இன்றும் ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். கட்டா பெர்ச்சாவை மறந்துவிட்டோம். 1933இல் இங்கிலாந்தில் பாலிஎதிலீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கேபிள்காரர்களுக்கு இந்த மரப்பால் தேவைப்படவில்லை. இன்று உங்கள் பக்கெட்டில் மாட்டுகிற கறுப்புத் தோல் அந்தப் பாலிஎதிலீன் வம்சம்தான். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் இப்போதும் கேபிள் இருக்கிறது, வங்காள விரிகுடா வழியாக, இந்த முறை கண்ணாடியில்.

இந்தப் பெரிய கேபிள்களுக்கெல்லாம் மாற்று வழி உண்டு. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓரிடத்தில் அறுந்தால் வளையமாகப் போட்ட தடத்தில் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மாற்று வழி இல்லாதது கிளைக்கேபிளுக்கு. பெரிய சாலையிலிருந்து பிரிந்து, செம்பனைக்குள் நுழைந்து, பழைய தோட்டத்து மக்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு விலைத் தாமானில் போய் முடிகிற கேபிள் அது. வால் மாதிரி ஒற்றையாகக் கிடக்கும். அறுந்தால் அவ்வளவுதான். வீட்டு இணைப்புகளில் ஓர் இழையை ஒளிப்பிரிப்பானால் 32 வீடு வரைக்கும் பங்கிடுவது வழக்கம், ஆகையால் ஓர் இழை போனாலே ஒரு தெரு இருண்டுபோகும். ஒரு காலத்தில் தோட்டத்துக்கே ஒரு தொலைபேசி, அதுவும் ஆபீசில் கிராணி மேசை மேல். லயத்தில் பிரசவ வலி எடுத்தால் அவரைத்தான் எழுப்ப வேண்டும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அதே தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாடம் படிக்க இணையத்தைத் தேடி அலைந்தார்கள். அந்த ஆண்டு தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தில்தான் உட்பகுதிகள் பலவற்றுக்கும் ஃபைபரைக் கொண்டுபோக முனைந்தார்கள். இவ்வளவு காலம் கழித்து வந்து சேர்ந்ததை நம் ஆட்களே டேப் சுற்றி மூடிவிட்டுப் போகிறபோது எனக்குக் கோபம் வருவது உண்மைதான். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுப்பது நகரத்தில் இல்லை, இந்த வாலில்தான்.

ஏன் மூடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நட்ட ஈட்டுக் கடிதம் வரும், முதலாளி சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 235ஆம் பிரிவு, கட்டமைப்பைச் சேதப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. கவனக்குறைவையும் அது சேர்த்தே சொல்கிறது. அதற்காகவே சொல்கிறேன்: உடனே கூப்பிட்டுச் சொன்னவனையும் மறைத்துவிட்டுப் போனவனையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மறைத்தாலும் தெரியாமல் போவதில்லை. எந்த நிமிடத்தில் எத்தனை இணைப்பு ஒன்றாகச் செத்தது என்று நிலையத்தில் பதிவாகிவிடும். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் தோண்டிக்கொண்டிருந்தார் என்று கேட்டால் பக்கத்து ஒட்டுக்கடைக்காரர் சொல்லிவிடுவார். இதில் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. அறுந்ததை வந்து சொன்ன ஓட்டுநரின் சம்பளத்தில் கைவைத்தால், அடுத்த தடவை அவர் மூடத்தான் செய்வார்.

தோண்டும் முன்னால் செய்ய வேண்டியது உங்களுக்குப் புதிதில்லை, சுருக்கமாக முடிக்கிறேன். ஜூபெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறையிடம் நிலத்தடி வசதிகளின் தரவுத்தளம் இருக்கிறது. கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதை முழுக்க நம்பவும் வேண்டாம். பழைய தோட்டச் சாலைகளில் மேடு சீவி, படிக்கட்டு வெட்டி, மண் கொட்டி மட்டமே மாறிப்போயிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தது இன்று முழங்கால் ஆழத்தில் கிடக்கும். கேபிள் அடையாளக்கல் கண்ணில் பட்டால் இயந்திரத்தை நிறுத்தி, மண்வெட்டியால் குறுக்கே ஒரு சோதனைக் குழி எடுங்கள். எச்சரிக்கை நாடா தட்டுப்பட்டால் கேபிள் அதற்குக் கீழேதான். திருவிழாக் குழுவினரே, இரும்பு முளையைச் சம்மட்டியால் அடிக்கும் முன்னும் தரையைக் கொஞ்சம் பாருங்கள். அம்மனுக்கு எங்கே நட்டாலும் சம்மதம்தான்.

இனி திருட்டுப் பேச்சு. கேபிளில் செம்பு இருக்கும் என்று தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டில் 75 வயது மூதாட்டி ஒருவர் செம்புக்காக மண்வெட்டியால் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டார். பக்கத்து நாடான ஆர்மீனியாவில் பெரும்பகுதிக்கு மணிக்கணக்கில் இணையம் இல்லாமல் போயிற்று. அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஃபைபரில் செம்பு கிடையாது. கண்ணாடி, பிளாஸ்டிக், நார், ஜெல், சிலவற்றில் மெல்லிய எஃகுத் தகடு. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் தேத்தண்ணிக் காசுகூடத் தேறாது.

ஆகவே அறுந்து கிடக்கும் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், எரித்து உள்ளே என்ன என்று பார்க்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. அது போக, அந்தப் புகையை முதலில் குடிப்பது நீங்கள்தான். வெட்டுப்பட்ட முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை விரலால் தொட வேண்டாம். ஒடிந்த கண்ணாடித் துணுக்கு தோலுக்குள் இறங்கினால் கண்ணுக்கே தெரியாது, எடுப்பதற்குள் படாத பாடு படுத்திவிடும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாலோ பசியாறினாலோ இன்னும் மோசம். நாங்கள் வேலைப்பாயில் சாப்பாட்டுப் பொட்டலம் வைக்கவே மாட்டோம். நறுக்கிய துணுக்குகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு எடுத்துப் போவோம். இழையின் முனைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இருட்டாகத் தெரிந்தாலும் பாய்ந்துகொண்டிருக்கலாம்.

எங்கள் தரப்பிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. புதுக் கேபிள் இழுக்கக் காசு கொடுக்கும் வேலைச்சீட்டில் செத்த கேபிளைக் கழற்ற ஒரு வரியும் இருப்பதில்லை. அதனால் கம்பத்துக்குக் கம்பம் பழையது தொங்கிக்கொண்டே கிடக்கிறது, உயரமான செம்பனை லாரி வந்தால் மாட்டி இழுக்கிறது. குழியோரத்தில் தோல் துண்டுகளையும் நார்களையும் விட்டுப் போகிற கோஷ்டிகளும் எங்களில் உண்டு. நீங்கள் பார்த்தால் படம் பிடித்து அனுப்புங்கள், தாட்சண்யம் வேண்டாம். ஜெல்லைத் துடைத்துப் பிரித்தால் அந்தக் கறுப்புத் தோலை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். பிரிக்கிற கூலி பிளாஸ்டிக்கின் விலையைத் தாண்டுவதால்தான் யாரும் முன்வருவதில்லை. செத்த கேபிளை எடுத்துச் செல்வதையும் புதுக் கேபிளின் விலைக்குள்ளேயே சேர்க்காதவரை இது மாறப்போவதில்லை என்பது என் எண்ணம்.

சரி, கேபிள் மாட்டிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்துங்கள். பக்கெட்டை மேலே தூக்காதீர்கள், இன்னும் இழுக்கும். மண்ணைச் சுரண்டிக் கேபிளைக் கையால் விடுவியுங்கள். முனைகளை மடக்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி, குழிக்கு வெளியே தண்ணீர் நிற்காத மேட்டில் வையுங்கள். டேப்பை அந்தப் பையைக் கட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம். தோலின் மேல் வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் இழை எண்ணிக்கையும் அச்சாகியிருக்கும், மீட்டர் கணக்கும் ஓடும். அதைத் துடைத்து, இரண்டு முனையிலும் உள்ள எண் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். எத்தனை மீட்டர் புதுத் துண்டு வேண்டும் என்று அதை வைத்தே நாங்கள் கிடங்கிலேயே கணக்குப் போட்டு எடுத்து வருவோம். அடையாளக்கல்லிலோ அருகிலுள்ள பெட்டியிலோ இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள், மோட்டார்சைக்கிளில் வருகிற பிள்ளைகள் விழுந்துவிடப் போகிறார்கள். அவசரமாக அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டுமென்றால் கிளம்புங்கள், குழியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். மூடுகிற கூலி எங்களுடையது.

அன்புடன்,
புந்தோங், ஈப்போவிலிருந்து
ஒரு கேபிள் ஒட்டுநர்